கல்லுக்கும் ஒரு கல்

கத்தியைத் தீட்டக் கல் வேண்டும். கல் குழிந்துபோனால் அதைச் சமப்படுத்த வைரத் தகடு வேண்டும். தகடு சமமாக இருக்கிறதா என்று பார்க்க எஃகு அளவுகோல் வேண்டும். பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் தம்பி மகனின் குளியலறை அலமாரியில் இவை எல்லாம் இருக்கின்றன. முகம் மழிக்கப் பத்து நிமிடம் ஆகிறது. கல்லுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போகிறது.

கத்தி சோலிங்கன் நகரத்துச் சரக்கு. கற்கள் ஜப்பானுடையவை: 1000, 4000, 8000, 12000. எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும், விலை பருமனாகும். பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் வெட்டியெடுக்கும் கொட்டிக்கூல் என்ற மஞ்சள் கல்லும் ஒன்று வைத்திருக்கிறான். அதில் அரைக்கும் வேலையைச் செய்வது கார்னெட் துகள்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை மணலில் கிடப்பதும் அந்த இனத்துக் கனிமம்தான். மணலாகக் கிடந்தால் மிதித்துப் போகிறோம், கல்லாக வந்தால் பட்டுத்துணியில் பொதிந்து வைக்கிறோம்.

"இது ஒரு தியானம், பெரியப்பா" என்றான்.

1960களில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்துபோன முடிதிருத்துநரிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. அப்பாவைவிட மூத்தவர். அப்பா அவரை 'வா, போ' என்றுதான் பேசுவார். பதிலுக்கு அவர் 'ஐயா' என்பார். வாசல் வழியாக வந்ததே கிடையாது. வேலியோரம் ஒரு பழைய துவைகல் கிடந்தது. மழித்து முடித்ததும் அதன்மேல் ஆற்று மணலைத் தூவி, தண்ணீர் தெளித்து, தன் கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பார். தேய்க்குமுன் அடுப்புக்கரியால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொள்வார். மேட்டில் இருக்கும் கோடு முதலில் அழியும். பள்ளத்துக் கோடு கடைசி வரை நிற்கும். எல்லாக் கோடும் போனால் கல் சமமாகிவிட்டது என்று பொருள்.

தம்பி மகனும் கோடு போடுகிறான், பென்சிலால். இணைய வகுப்புக்குப் பணம் கட்டிக் கற்ற உத்தி.

இந்தப் பாடு ஏன் என்றால், சவரக்கத்தியின் முதுகும் வாயும் ஒரே சமயத்தில் கல்லில் படிய வேண்டும். தீட்டும் கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிப்புதான். கல்லின் நடு குழிந்திருந்தால் கத்தியின் இரு முனைகள் மட்டும் உரசும், நடுப்பகுதி பட்டினி கிடக்கும். "கல்லு கோணினா கத்தி கோணும், சின்னய்யா" என்பார் அந்த முடிதிருத்தும் பெரியவர். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தேய்த்தால் போதாதா? போதாது. ஒன்று குழிந்து மற்றது புடைத்து, இரண்டும் ஒட்டிப் பொருந்திவிடும், சமமாகாது. மூன்று தளங்களை மாற்றி மாற்றி ஒப்பிட வேண்டும் என்பது ஆங்கிலேயப் பொறியாளர் ஜோசப் விட்வொர்த் 1840இல் எடுத்துரைத்த முறை. பெரியவரிடம் இருந்தது இரண்டு கல். மூன்றாவது, எங்கள் துவைகல்.

சுத்தம் செய்வது தனி வேலை. உரசிய இரும்புத்தூள் கல்லின் கண்களை அடைத்தால் கத்தி வழுக்கும். மழுங்கிய அம்மியைக் கொத்துகிறோமே, அதே கதை. பெரியவர் சலவைச் சோடா கரைத்த வெந்நீரும் தேங்காய் நாரும் வைத்திருந்தார். இவன் ஆர்.ஓ. தண்ணீரில் நைலான் பிரஷ் போடுகிறான். முரட்டுக் கல்லின் ஒரு துகள் நுண்கல்லில் ஒட்டினால் கத்தியின் வாய் போய்விடுமாம். அதனால் கல்லுக்குக் கல் கை கழுவுகிறான். எங்கள் வீட்டிலும் கழுவினார்கள். பெரியவர் வேலியைத் தாண்டியதும் பாட்டி அந்தத் துவைகல்லில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாள். அவளுடைய கணக்கு வேறு.

கண்ணாடிமேல் தூவித் தேய்க்க இவன் சிலிக்கன் கார்பைடு பொடியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்திருக்கிறான். எட்வர்ட் அச்சிசன் 1891இல் கண்டுபிடித்த அந்தப் பொருளின் வணிகப் பெயரையே தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் 1954இல் தொடங்கிய சென்னைக் கம்பெனி என்றேன். அவன் நம்பவில்லை. பெயின்ட் கடை வாட்டர் பேப்பரைத் தடித்த கண்ணாடியில் ஒட்டினால் போதும் என்றதையும் காதில் வாங்கவில்லை. சமப்படுத்துவது என்றாலே கல்லைக் கரைப்பதுதான். விலையுயர்ந்த கல்லில் கரைவது பணம்.

1986இல் டாக்டர் சுனிதி சாலமனின் குழு சென்னையில் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது. கத்தி வழியாகவும் பரவுமோ என்ற பயம் எங்கள் ஊருக்கும் வந்துசேர, பெரியவரின் மகன் சலூனில் பிளேடை இரண்டாக ஒடித்து மாட்டும் கத்திக்கு மாறினார். பாதி பிளேடு, ஒரு முகம், குப்பைத்தொட்டி. கல்லுக்கு வேலை போயிற்று. நல்ல மாற்றம்தான், சலூனில் பழைய கத்தி திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் வீட்டில் சொந்தக் கத்தி வைத்துத் தியானம் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல் பிடித்துப் பழகிய கைகள் சில ஊர்களில் இன்னும் இருக்கின்றன. இணைய வகுப்புக்குக் கட்டும் பணத்தை அவர்களிடம் கட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். போகும்போது 'வாங்க, போங்க' என்று பேசுங்கள். அவர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் வாசல் வழியாகக் கூப்பிடுங்கள்.