மேற்கு மாம்பலம் சௌகரியர்

சென்னையில் மாதம் 35,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் பத்தாம் தேதியே ‘இந்த ஊர்ல மனுஷன் பொழைக்க முடியுமா?’ என்று ஆரம்பித்து, முப்பதாம் தேதி வரை அதையே நிரவல் செய்துகொண்டிருக்கும். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. நாமும் கூடச் சேர்ந்து கொஞ்சம் புலம்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது ரகம்தான் ஆபத்து. ‘எனக்கென்ன குறைச்சல்? ராஜாவாட்டம் இருக்கேன்’ என்பார். சொன்னதோடு விட்டால் பரவாயில்லை. எப்படி என்று விளக்கவும் செய்வார். இவருக்குச் சௌகரியர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மேற்கு மாம்பலத்தில் தெருவுக்கு ஒரு சௌகரியராவது இருப்பார். துரைசாமி சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம், தி. நகரில், தமிழ்நாடே வந்து பணத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. இந்தப் பக்கத்துக்காரரான இவர் அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்த்தே ஒரு தீபாவளியை முடித்துவிடுவார். வயது ஐம்பதை ஒட்டி. பாரிமுனையில் கணக்கர் வேலை. மாம்பலத்தில் ஏறிக் கோட்டையில் இறங்க மின்சார ரயில் சீசன் டிக்கெட். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை, பேன்ட் பாக்கெட்டில் நாலாக மடித்த மஞ்சள் பை. 2021 டிசம்பரில் அரசாங்கம் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று இயக்கம் தொடங்கியபோது மனுஷர் புண்பட்டுப்போனார். “மீண்டுமா? நான் எப்பய்யா விட்டேன்?” என்று கேட்டார்.

இவரைக் கஞ்சன் என்று சொல்வது பாவம். காபிப் பொடியில் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க மாட்டார். வாரா வாரம் நூறு கிராம், கண்ணெதிரே அரைத்ததாக இருக்க வேண்டும். சிக்கரி ஒரு சிட்டிகை கூடினாலும் கடைக்காரருடன் தகராறு. நல்ல காபி, நல்ல சங்கீதம், ஏசி, கடற்காற்று எல்லாமே வேண்டும் அவருக்கு. காபியைத் தவிர மற்றதற்கெல்லாம் காசு கொடுப்பதுதான் பட்டிக்காட்டுத்தனமாகப் படுகிறது.

வீட்டில் ஏசி உண்டு. ஆனால் மின்கட்டணப் பட்டியலும் மனப்பாடம். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது ஊருக்கே தெரியும். மொத்தம் 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும், 101 முதல் 200 வரைக்கான மலிவு விலை பறிபோய்விடும் என்பதைக் கொசு அடித்துக்கொண்டே உங்களுக்கு அரை மணி நேரம் சொல்லக்கூடியவர் இவர் ஒருவர்தான். கணக்கெடுக்க ஆள் வருகிற வாரத்தில் அந்த வீட்டில் மிக்ஸி ஓடாது. துவையல் அம்மியில். அரைப்பது யார் என்று கேட்காதீர்கள். அவர் டார்ச் லைட்டோடு மீட்டருக்கு முன்னால் நிற்பார்.

அக்னி நட்சத்திரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் போய்விடுவார். அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறந்தது தனக்காகத்தான் என்று அவருக்கு உள்ளூர ஓர் எண்ணம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவும் அங்கே இடம் உண்டு. இவர் கொண்டுபோகும் புத்தகம் எத்தனையோ கோடையாக ஒன்றேதான். நாற்பத்தாறாம் பக்கத்தில் பஸ் டிக்கெட் அடையாளம் வைத்திருக்கிறது. பக்கத்து நாற்காலியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன் பென்சிலைக் கீழே போட்டால் மட்டும் நிமிர்ந்து, கண்ணைத் திறந்து, பக்கத்தை ஒருமுறை தடவிக்கொடுப்பார்.

மார்கழி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பல சபாக்களில் காலை, பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. மாலையில்தான் பெரிய வித்வான்கள், பெரிய விலை. சௌகரியர் மதியக் கச்சேரிக்கு முன்வரிசையில் ஆஜர். கேன்டீன் பக்கமும் போவார். விலைப்பலகையை முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒன்று சொல்ல வேண்டும். காசில்லாமல் கேட்டுக் கேட்டே காது தேறிவிட்டது மனுஷருக்கு. இன்று வாசலில் ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு தொங்கவிடுகிற சில பாடகர்களை, அவர்கள் பதினைந்து பேருக்கு முன்னால் பாடிய காலத்திலேயே “இந்தப் பொண்ணு வரும் பாரு” என்று அடையாளம் காட்டியவர். டிக்கெட் வாங்கிப் போய்த் தூங்குகிற நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அவருடைய வித்தை முழுசாகத் தெரிய வேண்டுமானால், இரவு ஒன்பது மணிக்கு ஆரிய கௌடா சாலையில் காய்கறி வாங்கும்போது பார்க்க வேண்டும். தராசை மூட்டை கட்டும் நேரம். தக்காளியெல்லாம் கூறு கட்டிக் கிடக்கும்.

“இன்னா சார், டெய்லி கடை கட்றப்ப வர்ற? காலையில வந்தா ஃப்ரெஷ்ஷா தருவேன்ல?”

“காலையில வந்தா நீ வெலையும் ஃப்ரெஷ்ஷா சொல்லுவியேம்மா.”

அந்தம்மா சிரித்துவிடுவார். சிரித்தால் முடிந்தது, கூறு ஐந்து ரூபாய் இறங்கிவிட்டது. இவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தெருவிளக்கில் காட்டி, இன்றைக்கு ரசத்துக்கு, நாளைக்குத் தொக்குக்கு, நாளன்றைக்குச் சாம்பாருக்கு என்று வயது வாரியாகப் பிரிப்பார். “அமுக்காத சார், பழம் அழுவுது!” என்பார் அந்தம்மா. ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு பச்சை மிளகாயும் கொசுறாகப் பையில் விழுகிற வரை எழுந்திருக்க மாட்டார். அந்தக் கொசுறைப் பற்றி மறுநாள் ஆபீஸில் பதினொரு மணி டீ வரைக்கும் பேச்சு ஓடும்.

வீட்டம்மாவைப் பற்றி அவர் அதிகம் சொல்வதில்லை. நான் சொல்கிறேன். ரேஷனில் அரிசி இலவசம், சர்க்கரை கிலோ 25, துவரம் பருப்பு 30, பாமாயில் லிட்டர் 25 என்று விலை சொல்கிறவர் இவர். க்யூவில் நிற்கிறவர் அவர். ‘சர்வர் போச்சு, நாளைக்கு வாங்க’ என்று கேட்டுத் திரும்புகிறவரும் அவரே. ரேஷன் புழுங்கலரிசியை ஏழு தண்ணீரில் கழுவி, ஊறவைத்து, ஊரே மெச்சுகிற இட்லி வார்ப்பதும் அவர்தான். 2021-லிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனதும் சௌகரியரின் குடும்ப நிர்வாகமே மாறிவிட்டது. கோயம்பேட்டில் தேங்காய் மலிவா, பாரிமுனையில் பாத்திரத்துக்கு ஈயம் பூச வேண்டுமா, வடபழனியில் ஒரு கல்யாணத்துக்கு மொய் வைக்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்: “நீ போயிட்டு வந்துடேன், உனக்குத்தான் டிக்கெட் கிடையாதே.”

போன மாதம் ஆபீஸுக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு பையன் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் ஏறத்தாழ இவருடையதுதான். மூன்றாம் நாளே சௌகரியர் அவனைப் பிடித்துக்கொண்டார். மீட்டர், நூலகம், மதியக் கச்சேரி, கூறு தக்காளி என்று பாடம் வரிசையாக நடந்தது. பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். கடைசியில் தயங்கித் தயங்கி, “அதெல்லாம் சரி சார், வீடுதான் அமையல. வேளச்சேரில ரெண்டு ரூமுக்குப் பதினெட்டாயிரம் சொல்லுதாங்க. அட்வான்ஸ் பத்து மாசமாம்” என்றான்.

“பத்து மாசமா? அதெப்படி? 2017-ல சட்டம் போட்டாச்சு தம்பி. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் கேட்கக் கூடாது. தைரியமாச் சொல்லு.”

“சொன்னேன் சார். ‘அப்போ சட்டத்துக்கிட்டயே வீடு கேட்டுக்கோ’ன்னுட்டார்.”

‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில்’ என்று அந்தச் சட்டத்தில் ஒரு வால் இருக்கிறது. வீட்டுக்காரர்களுக்குச் சட்டத்தில் மனப்பாடமாகத் தெரிவது அந்த வால் ஒன்றுதான்.

பையன் பிறகு கேட்டான்: “உங்க வாடகை எவ்வளவு சார்?”

சௌகரியருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடித்தார். ஏதோ வவுச்சரைத் தேடினார். “அது பழைய வீடு தம்பி…” என்று இழுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

6,500 ரூபாய். இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிற மாடிப் போர்ஷன். கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார், வயது எண்பத்து நாலு. வாடகையை உயர்த்த அவருக்குத் தோன்றியதே இல்லை, தோன்றவும் இவர் விடுவதில்லை. வீட்டு வரி கட்டுவது, காஸ் சிலிண்டருக்குச் சொல்வது, வருஷா வருஷம் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்க ஆட்டோவில் கூட்டிப்போவது எல்லாம் இவர்தான். ஆட்டோக் காசையும் இவரே கொடுத்துவிடுவார். சௌகரியர் ஆட்டோ ஏறுவது அந்த ஒரு நாள்தான். அந்த அம்மாவுக்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். சுக்குக் கஷாயம் மாடியிலிருந்து இறங்கும். மகன் நியூஜெர்சியில். வருகிறபோதெல்லாம் ஒரு பில்டரோடு வந்து காம்பவுண்டைச் சுற்றிப் பார்க்கிறார். அந்தப் பத்து நாளும் நம்மவர் ராஜா பேச்சையே எடுப்பதில்லை.

ஆகவே, இவருடைய உபதேசத்தை நம்பிச் சென்னைக்கு மூட்டை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூறு தக்காளி, மதியக் கச்சேரியெல்லாம் இங்கே வந்து கற்றுக்கொள்ளலாம். முதலில் கீழ்வீட்டில் இப்படி ஓர் அம்மா கிடைக்கிறாரா பாருங்கள். கிடைத்தால் கஷாயத்துக்குச் சுக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.