ஒய்2கே பூதமும் ஒரு சிற்றூர் நூலகமும்

1999இல் உலகத்துக்கே ஒரு கிலி. டிசம்பர் 31 நள்ளிரவு தாண்டியதும் கம்ப்யூட்டர்கள் 1900க்குத் திரும்பிவிடும், விமானம் விழும், வங்கி கவிழும் என்றார்கள். நியூசிலாந்தில் காய்கறித் தோட்டங்களுக்குப் பேர்போன லெவின் ஊர் நூலகத்துக்கும் கிலிதான். டிசம்பரில் எடுத்துப்போன நாவல் 1900 ஜனவரியில் திரும்பி வந்தால் அபராதம் வாசகர் தர வேண்டுமா, நூலகம் தர வேண்டுமா?

அந்த நூலகத்தை நடத்திய ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளையிடம் இருந்ததோ கிழட்டு மென்பொருள். புதியது வாங்கப் போனால் விற்பவர்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி பட்டியல் நீட்டினார்கள்: புதுக் கம்ப்யூட்டர், கிளைகளுக்குப் புது இணைப்பு, இத்யாதி. எதை வாங்கலாம் என்று யோசனை கேட்கப் போன இடம் வெலிங்டனில் இருந்த கட்டிபோ என்ற சிறு நிறுவனம். எதையும் வாங்க வேண்டாம், நாங்களே எழுதித் தருகிறோம் என்றது அது. கிறிஸ் கார்மாக் முதலானோர் பெர்ல் மொழியில் எழுதினார்கள். கிளை நூலகங்களின் சாதாரண டெலிபோன் கம்பியிலேயே ஓடியது. 2000 ஜனவரி 3 அன்று வேலைக்கு வந்தது. விமானம் எதுவும் விழவில்லை.

அடுத்து செய்ததுதான் கிறுக்குத்தனம். காசு கொடுத்து எழுதவைத்ததை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் ஊருக்கே விட்டுவிட்டார்கள். மென்பொருள் வியாபாரம் பண்ண இருவருக்குமே ஆசையில்லை. நாளைக்கே நிறுவனம் கடையைக் கட்டினாலும் (பெயரே ‘கட்டிப் போ’ என்கிறதே!) நூலகம் நடுத்தெருவில் நிற்காது. மென்பொருளுக்கு வைத்த பெயர் ‘கோஹா’. மாவோரி மொழியில் அன்பளிப்பு.

அமெரிக்க நூலகர்கள் எட்டிப்பார்த்துவிட்டு, ‘மார்க்’ எங்கே என்றார்கள். 1960களில் பிறந்த பட்டியல் முறை அது. ஆசிரியர் 100, தலைப்பு 245. நூலகர்கள் தூக்கத்தில்கூட இந்த எண்களைச் சொல்வார்கள். ஒஹையோவின் நெல்சன்வில் பொது நூலகம் பணம் தந்தது, பிரான்ஸின் பால் பூலேன் எழுதினார், நியூசிலாந்துக்காரர்கள் அதைக் கோஹாவில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று கண்டத்தில் ஒருவரும் மற்றவருக்கு மேலதிகாரி இல்லை. அதனால்தான் வேலை நடந்தது என்பது என் சந்தேகம்.

அன்பளிப்பு என்றாலே பின்னால் பங்காளிச் சண்டை வருமே, வந்தது. கோஹாவை நிறுவித் தரும் தொழில் செய்த லிப்லைம் என்ற அமெரிக்க நிறுவனத்தை 2010இல் பிடிஎஃப்எஸ் என்ற இன்னொரு நிறுவனம் வாங்கியது. நியூசிலாந்திலேயே ‘கோஹா’வுக்கு வர்த்தக முத்திரை கேட்ட விண்ணப்பமும் அதன் கைக்குப் போனது. அன்பளிப்பு என்ற சொல்லுக்கே பட்டா! நூலகத் தரப்பு எதிர்த்தது, உலகெங்கும் கோஹாக்காரர்கள் கொதித்தார்கள். 2013இல் விண்ணப்பம் தள்ளுபடியானது. பெயருக்குத்தான் வழக்கு. மூலநிரல் மீது யாரும் கைவைக்க முடியவில்லை. அது ஏற்கெனவே எல்லோரிடமும் இருந்தது.

நம்மூர்க் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் இன்று புத்தகம் தேடுவது கோஹாவில்தான். அதைத் தமிழில் பெயர்க்கும் வேலையில் யார் வேண்டுமானாலும் சேரலாம். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘ரினியூவல்’, ‘ஹோல்டு’ என்பதையெல்லாம் நல்ல தமிழில் சொல்ல வருமென்றால் நீங்களும் வாருங்கள்.