பூனைக்கும் மேற்கோள் உண்டு

கே: இயற்பியல் ஆராய்ச்சியாளர்களை ‘எச்-இன்டெக்ஸ்’ வைத்து எடை போடுகிறார்களாமே, அது என்ன கணக்கு?

ப: 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த மார்க் அது. நீங்கள் எழுதியதில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது பிறரால் மேற்கோள் காட்டப்பட்டால் உங்கள் எச் 20. ஆயிரம் பேர் மேற்கோள் காட்டிய ஒரே ஒரு கட்டுரை மட்டும் கைவசமிருந்தால்? வெறும் 1! ஐன்ஸ்டைன் 1905-ஓடு பேனாவை மூடியிருந்தால் ஒற்றை இலக்கத்தில் நின்றிருப்பார்.

இன்னொரு கூத்து: 1975-ல் அமெரிக்காவின் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரையில் ‘நாங்கள்’ என்றே டைப் அடித்துவிட்டார். திருத்தச் சோம்பல், தன் சயாமியப் பூனையை இணை ஆசிரியராக்கினார். ‘பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ அச்சிட்டது. மேற்கோள் கணக்கில் பூனைக்கும் சம பங்கு. இந்த மார்க்கால் கெடுதலும் உண்டென்று ஹிர்ஷே 2020-ல் எழுதிவிட்டார். வேலை தருபவர்கள்தான் இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.