சயனக் கோலத்தில் ஒரு டாக்டர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலை ஆறு மணிக்கெல்லாம் தறிச் சத்தம் கிளம்பிவிடும். அந்தச் சத்தத்திலும் பத்தரை வரை புரளாமல் தூங்குகிற வாலிபர் யாராவது கண்ணில் பட்டால், வேலைவெட்டி இல்லாதவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பிஜி சீட் கிடைத்து இன்னும் போய்ச் சேராத டாக்டராக இருக்கலாம். எங்கள் எதிர்வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார்.

எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருஷம். அப்புறம் நீட் பிஜிக்காக மாடி அறையில் அடைந்து கிடந்தது தனிக் கணக்கு. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம். சரியான விடைக்கு 4 மார்க், தப்பாக எழுதினால் இருப்பதில் ஒன்று போகும். 2024-ல் ஜூன் 23-ந் தேதி நடக்கவேண்டிய பரீட்சையை முந்தின நாள் ராத்திரி தள்ளிவைத்தார்களே, அந்தப் பேச்சை இந்த இனத்திடம் எடுக்காமல் இருப்பது நல்லது.

கிடைத்த சீட் ஜெனரல் சர்ஜரி. தெருவுக்குப் பரம திருப்தி. பின்தெருப் பெண்ணுக்கு நல்ல ரேங்கில் ரேடியாலஜி கிடைத்தபோது, "அவ்ளோ படிச்சிட்டு எக்ஸ்ரே புடிக்கவா?" என்று துக்கம் விசாரித்த தெரு இது. கத்தி எடுத்தால்தான் இங்கே டாக்டர். அதுவரைக்கும் எதிர்வீட்டுக்காரர் "டாக்டர் தம்பி". திண்ணையில் பல் தேய்க்க உட்கார்ந்தாரானால் தறிக்குழியில் கால் விட்டு மடங்கிப்போன முட்டிகளும் இடுப்புகளும் வரிசையில் வந்துவிடும். மருந்து எழுதி வாங்கிக்கொண்டு, "பெரிய டாக்டரானதும் நல்லா பாரு தம்பி" என்று ஒரு வார்த்தையும் போட்டுவிட்டுப் போவார்கள்.

சேருவதற்கு இன்னும் சில நாள். ஆயத்தம் தடபுடலாக நடக்கிறது. பச்சை நிறத்தில் தியேட்டர் உடுப்பு இரண்டு செட், ரத்தம் பட்டால் கழுவிக்கொள்ள ரப்பர் செருப்பு, பவர் பேங்க். பேனா மட்டும் இரண்டு டஜன். சீனியர் கேட்டு வாங்கிய பேனா திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லையாம். ஹாஸ்டலில் சாப்பிட நேரம் இருக்காது என்று கேள்விப்பட்ட அம்மா, மிளகு சீரகம் சுக்கு போட்டுக் கோவில் இட்லி கட்டித் தருவதாக இருக்கிறார். அது நேரங்கழித்து வருகிறவனுக்காகக் கெடாமல் காத்திருக்குமாம்.

ஒருநாள் டாக்டர் தம்பி உற்சாகமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தார். ரெசிடெண்ட் டாக்டருக்கு வாரம் 48 மணி நேரம்தான் வேலை, ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1992-லேயே மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவு போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். மறுமுனையில் இருந்த சீனியர், "ஆமாண்டா, 48 மணி நேரம் புதன்கிழமை காலையிலயே முடிஞ்சிரும்" என்றாராம். அன்றிலிருந்துதான் தூக்கம் பத்தரைக்கு நீண்டது. தூக்கத்தைச் சேர்த்துவைத்துப் பின்னால் எடுத்துச் செலவழிக்க முடியுமா என்று அவருக்கே சந்தேகம்தான். இருந்தாலும் ஒரு நப்பாசை.

ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து வேலை கற்றதால்தான் ரெசிடெண்ட் என்று பெயர். அமெரிக்காவில் 1889-ல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சர்ஜரிக்கு இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவர் ஹால்ஸ்டெட். மரத்துப்போகவைக்கிற மருந்தாகக் கோகெயினைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, அதற்கே அடிமையாகிப்போன மனிதர். தூக்கம் கெட்டவர் போட்ட நேர அட்டவணை எப்படி இருக்கும்? ஆனால் காஞ்சிபுரத்துக்காரர்கள் அவரை மன்னிக்கலாம். தையலுக்கு மெல்லிய பட்டு நூல்தான் உசத்தி என்று கடைசிவரை வாதாடியவரும் அவரே.

அந்தப் பட்டில்தான் நம் டாக்டருக்கு மானம் போனது. சர்ஜரிக்காரன் ஒற்றைக் கையால் முடிச்சுப் போடத் தெரிந்துகொண்டு போகவேண்டும். பயிற்சிக்கு அப்பாவிடம் பட்டு இழை வாங்கி நாற்காலிக் காலில், சன்னல் கம்பியில், வாளிப் பிடியில் எல்லாம் முடிச்சுப் போட்டுவைத்தார். வீட்டில் எதை நகர்த்தினாலும் கூடவே இன்னொன்று வந்தது. அவருடைய ஆயா ஒருநாள் நின்று பார்த்தாள். முடிந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்தே கிழவியானவள். ஒரு பாவுக்கு ஆயிரக்கணக்கில் இழை.

"இன்னாடா, ஒரு முடிச்சுக்கு இவ்ளோ நேரமா? அதுக்குள்ள அந்தாளு செத்துருவான்டா!"

இரண்டு இழையை எடுத்தாள், விரலால் ஒரு முறுக்கு முறுக்கினாள், முடிந்தது. டாக்டர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டார்.

அப்பா தறியைவிட்டு எழாமலே விசாரித்தார். "போனதும் கத்தி குடுப்பாங்களாடா?"

"மொத வருஷம் குடுக்க மாட்டாங்கப்பா. பெரியவங்க ஆபரேஷன் பண்ணும்போது எதுத்தாப்புல நின்னு, அறுத்த எடத்த விரிச்சுப் புடிச்சிக்கணும்."

"கோர்வைப் பையன்னு சொல்லு."

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. உடலுக்கு ஒன்று, கரைக்குப் பக்கத்துக்கு ஒன்று. நெய்கிறவர் பக்கத்தில் ஒரு கையாள் உட்கார்ந்து ஒரு கரை நாடாவைத் தள்ளித் தரவேண்டும். சேலை யாருடையது என்று கேட்டால் எவரும் அந்தக் கையாளைக் காட்டமாட்டார்கள். கரை கோணினால் மட்டும் அவன் தலையில்தான் குட்டு. அப்பா சின்ன வயசில் வாங்கின குட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். மகன் குறிப்பெடுக்காத குறைதான். இந்தத் தறியில் உட்காரக் கூடாது என்றுதான் அவரைப் படிக்கவைத்தார்கள்.

ஆயாவுக்கு வேறு கணக்கு. 2019-ல் அத்தி வரதர் கோவில் குளத்திலிருந்து வெளியே வந்த 48 நாளில் மூன்று தடவை வரிசையில் நின்று சேவித்தவள். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் 1 முதல் 17 வரை நின்ற கோலம். "இவனுக்கு இப்ப சயனம் நடக்குது, அடுத்தது நின்ன கோலம். பெருமாளுக்காவது அப்புறம் நாப்பது வருஷம் தண்ணிக்குள்ள தூக்கம்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சேருகிறார். முட்டிவலி, இடுப்புவலி உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து காட்டிவிடுங்கள். பத்தரைக்கு மேல் வரவும்.