இடக்கால் இயல்: முதற்கார் வாங்கும் இளையோர்க்குக் கியர் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பாயிரம்

பதினெட்டு வயது நிரம்பி, எல் போர்டைக் கழற்றிவிட்டு, முதற்கார் வாங்கப் புகும் இளையோர் முன் நிற்கும் பெருவினா ஒன்றே: கிளட்ச் உள்ள வண்டியா, இல்லாத வண்டியா? நிறத்தை அம்மாவும் தவணையை வங்கியும் தீர்த்துவிடுவார்கள். கிளட்ச் வினாவுக்கு மட்டும் சித்தப்பா முதல் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர் வரை சபை கூடுகிறது. இத்துணைப் பெரும்பொருளுக்கு இன்றுவரை ஒரு நூற்பாவும் இல்லை, உரையும் இல்லை. ஐஎஸ்பிஎன் எண் வாங்குவதற்கென்றே கருத்தரங்க மலர்கள் செங்கல் கனத்தில் வெளிவரும் நாட்டில், பன்னாட்டுத் தரத்துக்குச் சான்றாகச் சிங்கப்பூரிலிருந்து ஒருவர் இணையவழியில் தலைகாட்டி, நான் பேசுவது கேட்கிறதா என்று மட்டும் கேட்டு மறையும் நாட்டில், இக்குறை பொறுக்கத்தக்கதன்று. எனவே இவ்வாராய்ச்சி. இதன் துணிபு: இளையோரின் முதற்காருக்கு ஆட்டோமேட்டிக்கே தகும், அதை மறுப்போர் காப்பாற்ற நினைப்பது வண்டியை அன்று, வேறொன்றை. அவ்வேறொன்று யாது என்பது இறுதியில் போதரும். முதலிலேயே சொல்லிவிட்டால் பக்கம் நிரம்பாது.

பெயர்

கார் என்பது தமிழ்ச்சொல்லே என்று நிறுவாமல் எந்த ஆய்வும் தொடங்கலாகாது. கார் என்றால் மேகம், கருமை, மழைக்காலம். அயல்நாட்டு அகராதிகள் வண்டியைக் குறிக்கும் சொல்லை இலத்தீனின் கணக்கில் எழுதிவைத்திருக்கின்றன. அகராதி நமக்கு உடன்பட்டால் சான்று, உடன்படாவிட்டால் சதி என்பது இத்துறையின் நெடுநாள் மரபாதலால் மேலே செல்வோம். முல்லைத் திணைக்குரிய பெரும்பொழுது கார். வினைமேற் சென்ற தலைவன் அக்காலம் வந்ததும் தேரேறி வீடு திரும்புவான். வழிநெடுகத் தேர்ப்பாகனிடம் விரைந்து செலுத்தச் சொல்வான். கவனிக்க: தலைவன் கடிவாளத்தைத் தொடுவதில்லை. வேகம் வேண்டும் என்பதை மட்டும் தெரிவிக்கிறான். எந்தக் குதிரையை எப்போது இழுத்துப் பிடிப்பது என்பது பாகன் பாடு. வலக்காலால் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டு மற்றதைக் கியர்ப்பெட்டியிடம் விட்டுவிடும் இன்றைய ஓட்டுநர் செய்வதும் அதுவே. ஆகவே அகத்திணைத் தலைவன் டி-யில் போட்டுப் போனவன் என்பது பெறப்படும். அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ரா-மேட்டிக் பெட்டி வந்தது 1940ஆம் ஆண்டு மாடலில்தான். நாம் முந்திவிட்டோம். எத்தனை நூற்றாண்டு முந்தினோம் என்பதை அவரவர் கட்சிக்கேற்பக் கூட்டிக்கொள்க.

சொல்

ஓட்டுநர் கியரை மாற்றினார் என்பது மேனுவல். கியர் மாறியது என்பது ஆட்டோமேட்டிக். மாறு, மாற்று என்னும் இரண்டுக்கும் இடையே ஒலியளவில் ஒரு சிறு அழுத்தமே வேறுபாடு; அந்த அழுத்தம்தான் இடக்காலின் வேலை. கிளட்ச் ஓர் இடைச்சொல். தனித்து நின்று அதற்குப் பொருளில்லை. எஞ்சினையும் சக்கரத்தையும் சேர்ப்பதும் பிரிப்பதுமே அதன் தொழில். கிளட்ச் பெடல் போன வண்டியில் இடக்கால் என்னவாகும் என்பார்க்கு விடை, அஃது அசைநிலை ஆகும் என்பது. ஓரத்தில் அதற்கென ஒரு மேடை உண்டு. செய்யுளில் பொருளின்றி நின்று அடியை நிரப்பும் சொல்லைப் போல அங்கே அது மரியாதையாக அமர்ந்திருக்கும்.

வகை

மேனுவல்: யாவரும் அறிந்தது. டார்க் கன்வர்ட்டர்: எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே எண்ணெய் நின்று சுழற்சியைக் கடத்துவது, ஆகவே வழுக்கலும் உண்டு, வழவழப்பும் உண்டு. டிசிடி: ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு மற்றொன்று. சிவிடி: இரண்டு கப்பி, ஒரு பட்டை, படியே இல்லாமல் மேலே ஏறும், துறைத்தலைவரின் மருமகனைப் போல. நியூட்ரல்: அங்கே எதுவும் நடப்பதில்லையாதலால் ஆய்வுக்கு உரியதன்று. ரிவர்ஸ்: எடுத்த நிலைப்பாட்டிலிருந்து ஆய்வாளர் எவரும் பின்வாங்கியதாக வரலாறு இல்லாமையின் விடப்பட்டது.

ஏஎம்டிக்கு மட்டும் தனியே சில சொல்ல வேண்டும், முதற்கார் வாங்குவோர் பெரும்பாலும் வந்து நிற்குமிடம் அது என்பதால். 2014இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியச் சிறுகார்களுக்குள் நுழைந்த இந்த ஏற்பாட்டில் பெட்டி பழைய மேனுவல் பெட்டியே, கிளட்சும் பழைய கிளட்சே. மிதிப்பதற்கும் மாற்றுவதற்கும் மட்டும் உள்ளே மின்னணுக் கட்டளைக்குக் கீழ்ப்படியும் ஒரு கருவி ஒளிந்திருக்கிறது. அட்டையில் ஒருவர் பெயர், உள்ளே உழைப்பு வேறொருவருடையது என்னும் இம்முறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளில் செலேரியோவுக்கு முன்பே வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது என்பர். இரண்டிலும் ஓரிடத்தில் குட்டு வெளிப்படும். ஏஎம்டி ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வண்டி ஒருகணம் தயங்கி, உள்ளிருப்போரின் தலை முன்னே ஆடும். ஆய்வேட்டில் அது வாய்மொழித் தேர்வில் நிகழும். இலக்கண முறையில் சொன்னால், இங்கே கியர் மாறவுமில்லை, ஓட்டுநர் மாற்றவுமில்லை, கியர் மாற்றப்பட்டது. செயப்பாட்டுவினை. செய்தது யார் என்று கேட்கக்கூடாது.

எலுமிச்சை

இனி நூலின் உயிர்நிலைக்கு வருவோம். கியர்ப்பெட்டியின் தகுதியை அளக்க மேலைநாட்டார் மைல் கணக்கில் சோதனைத் தடம் அமைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு நான்கு எலுமிச்சம்பழம் போதும். சென்னைப் பல்லவன் சாலைப் பாடிகார்ட் முனீஸ்வரர் கோயிலானாலும், தெருமுனைப் பிள்ளையாரானாலும், புதுவண்டிப் பூசையின் உச்சம் ஒன்றே. பானெட்டில் சந்தனம், அதன்மேல் குங்குமம், மாலை, கற்பூரம் எல்லாம் ஆயிற்று. நான்கு டயருக்கு முன்னும் நான்கு பழம். பூசாரி விலகி நின்று, “லேசா முன்னாடி எடுங்க” என்கிறார். வண்டி போகவேண்டிய தூரம் ஓரடி. எதிரே தாம்பாளத்தோடு அத்தை, பக்கத்தில் செல்போனில் படமெடுக்கும் தம்பி. மேனுவல் என்றால் அந்த ஓரடிக்கு ஹாஃப் கிளட்ச் வேண்டும். இடக்காலைப் பாதி விட்டு, உராய்வுத் தட்டு ஃப்ளைவீலைத் தொட்டும் தொடாமலும் நழுவும் எல்லையில் அதை நிறுத்தி, வலக்காலால் உப்புத் தூவினாற்போல் ஆக்சிலரேட்டர் தர வேண்டும். கூடினால் வண்டி தாம்பாளத்தை நோக்கித் தாவும். குறைந்தால் ஒரு குலுக்கலோடு ஆஃப் ஆகும். ஆட்டோமேட்டிக்கிலோ பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலே போதும். வண்டி ஊர்ந்துபோய்ப் பழத்தின் மேல் ஏறி இறங்கிவிடும்.

ஆஃப் ஆன வண்டி பழத்தின் மேல் பாதி ஏறிப் பின்னுக்கு உருண்டுவிட்டால், அப்பழம் நசுங்கியதாகக் கொள்ளப்படுமா என்பது அறிஞர் பெரிதும் முரண்படும் இடம். முழுதும் தட்டையான பழம் வினைமுற்று, அதில் ஐயமில்லை. பாதி நசுங்கியது எச்சம். எச்சம் என்றால் அதை முடிக்க ஒரு வினை வந்தாக வேண்டும்; எனவே வண்டியை மீண்டும் எடுக்க வேண்டும் என்பார் முன்சீட்டு உரைகாரர் (முன்சீட்டு உரை, பூசை அதிகாரம், முதற்குலுக்கல்). அற்றன்று, சாறு வெளிப்பட்டமையே அமையும், சாறு வந்தபின் மீண்டும் எடுப்பது கூறியது கூறல் என்னும் குற்றமாம் என்பார் பின்சீட்டு உரைகாரர் (பின்சீட்டு உரை, வேகத்தடை அதிகாரம், மூன்றாம் குலுக்கல், ‘ஐயோ’ என்னும் சொல்லுக்கு வரைந்த விளக்கத்தின் கீழ்). இருவரும் பழத்தைப் பார்க்கவில்லை என்பது இருவர்க்கும் பொதுவான குறை; எனினும் மூலத்தைப் பார்க்காமை உரைகாரர்க்குத் தடையாக என்றும் கொள்ளப்பட்டதில்லை. பழம் நான்காயிருக்க ஒருமையில் சொன்னது என்னையெனின், சாதியொருமை என்க. பின்டயர்ப் பழங்கள் எவர் கண்ணிலும் படாமல் நசுங்குவதால் அவை பிற்கால இடைச்செருகல் என்று தள்ளுவாரும் உளர். தமக்கு ஒவ்வாத அடியைத் தள்ள அச்சொல்லைப் போல எளிய கருவி வேறில்லை.

பாட வேறுபாடும் ஒன்று உண்டு. பூசாரி சொன்னது “எடுங்க” அன்று, “எறங்குங்க” என்பது சித்தப்பா பாடம். அதாவது இளைஞர் இறங்க, அனுபவசாலி ஒருவர் ஏறி வண்டியை எடுக்க வேண்டும் என்பது கருத்து (சித்தப்பா உரை, சாவி வாங்கு படலம், கதவு திறந்த பக்கம், கற்பூரப் புகையால் மங்கிய வரி, ஒப்புநோக்குக: மாமா உரைக்குச் சித்தப்பா எழுதிய மறுப்புக்கு மாமா எழுதிய வாழ்த்துரை). இப்பாடத்தை எள்ளி ஒதுக்கலாகாது. இவ்வாராய்ச்சி தேடும் வேறொன்று இதற்குள்தான் இருக்கிறது.

தடை விடை

ஆட்டோமேட்டிக் மைலேஜ் தராது எனின், ஏஎம்டியில் இருப்பது மேனுவல் பெட்டியே ஆதலின் பெரிய வேறுபாடில்லை. ஏறத்தாழ 50,000 ரூபாய் கூடுதல் எனின், ஆம், கூடுதல்தான். இதற்கு விடையில்லை, ஆகவே அடுத்த தடைக்குப் போவோம். பேட்டரி செத்தால் மேனுவலை இரண்டாம் கியரில் போட்டுத் தள்ளியே ஸ்டார்ட் செய்யலாமே எனின், செய்யலாம். ஆனால் தள்ள ஆள் வேண்டும். அறிவுரை சொல்ல வந்த சபையில் தள்ள வருவார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது என்ன செய்வது எனின், இது நல்ல தடை. டி-யில் போட்டு வழியெல்லாம் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் தளரும் என்பது மெய். ஆயின் எல் என்றோ, கூட்டல் கழித்தல் குறியிட்டோ, தாழ்ந்த கியரில் நிறுத்திவைக்கும் வழி பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளிலும் உண்டு. அதைப் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். அறியாமல் இறங்குவோர்க்கு இரண்டு பெட்டியும் ஒன்றே.

மேனுவல் பழகாவிட்டால் அவசரத்துக்கு வேறொரு வண்டியை எடுக்க முடியாதே எனின், இதில் பாதி உண்மை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்று இரு சக்கரத்தை நுணுக்கமாகப் பகுத்துவிட்டு, காருக்கு வந்ததும் களைத்துப்போய் இலகுரக வாகனம் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொண்டது. பிரிட்டனில் ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் மேனுவலைத் தொடக்கூடாது. இங்கே சட்டம் தடுக்காது, வண்டிதான் தடுக்கும். ஆகவே கிளட்சைக் கற்றுக்கொள்க, டிரைவிங் ஸ்கூலில். ஆனால் அங்கே நடப்பதையும் உற்றுநோக்குக. மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். முதல் வாரம் பயில்பவர் திக்கித் திணறிக் காலை விடும்போதெல்லாம் வண்டி ஆஃப் ஆகாமல் காப்பது அந்த இரண்டாம் கால். எனவே தமிழ்நாட்டில் எல்லோரும் முதலில் ஓட்டுவது ஆட்டோமேட்டிக்கே. கியர்ப்பெட்டி இடப்பக்கச் சீட்டில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எஞ்சிய தடை ஒன்றே, அதுவே தலையாயது: மேனுவல் ஓட்டுவதே மெய்யான ஓட்டுதல். இதை ஆராய மூன்று ஆண்டுகள் போதும். 1912இல் காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும், தவறினால் மணிக்கட்டு முறியும். 1928இல் அதே காடிலாக்கில் சிங்க்ரோமெஷ் வந்தது. அதற்கு முன் ஒரு கியர் மாற்ற இருமுறை கிளட்ச் மிதிக்க வேண்டும். 1940இல் கிளட்ச் பெடலே போயிற்று. இன்று மேனுவலே மெய்யான ஓட்டுதல் என்பார், முதல் இரண்டு வசதியும் உள்ள வண்டியில்தான் அதைச் சொல்கிறார். கைப்பிடி சுற்றுவதே மெய்யான ஸ்டார்ட் என்று அவர் வாதிடுவதில்லை. ஆகவே அவர் போற்றுவது கடினத்தை அன்று. தாம் கற்ற கடினத்தை. சனிக்கிழமை மாலை பெருங்களத்தூர் நெரிசலில், இடப்பக்கம் நுழையும் பைக்கையும் குறுக்கே திரும்பும் ஷேர் ஆட்டோவையும் கண்ணாடியில் பார்க்கவேண்டிய புதிய ஓட்டுநரின் கவனத்தில் ஒரு பங்கை இடக்கால் தின்றுகொண்டிருக்கிறது. அதைச் சாலைக்குத் திருப்பித் தருவதே ஆட்டோமேட்டிக்கின் பயன். தெளிவாகச் சொல்லக்கூடிய ஒன்றை முறுக்கிச் சொல்லி, புரியாமையைப் புலமை என்று வழங்கும் உரைநடைக்கும் இவ்விடை பொருந்தும். இக்கட்டுரையையும் சேர்த்தே சொல்கிறோம்.

புறனடை

வேறொன்று யாதெனின், பதவி. வீட்டில் செல்போன், வங்கிச் செயலி, டிக்கெட் முன்பதிவு எல்லாவற்றையும் பதினெட்டு வயதுக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்குப் பெரியவர்கள் வந்தாயிற்று. “கிளட்ச்ச மெதுவா விடு, மெதுவா” என்று சொல்லித்தர எஞ்சியிருக்கும் கடைசிப் பாடம் ஹாஃப் கிளட்ச். அதையும் ஒரு பெட்டி விழுங்கிவிட்டால் சித்தப்பா எதற்கு என்னும் அச்சமே மைலேஜாகவும் மலைப்பாதையாகவும் உருமாறி வருகிறது. இதை எள்ளுதல் அறமன்று. ஆயினும் வண்டி ஓட்டப்போகிறவர் காலில் அதன் செலவை ஏற்றுவதும் முறையன்று. ஆகவே இளையோர் வாங்கத்தக்கது ஆட்டோமேட்டிக்கே என்க. பூசையன்று சித்தப்பாவை இடப்பக்கச் சீட்டில் உட்காரவைத்துக்கொள்வது சிறப்பு விதி. பூசாரி “லேசா முன்னாடி எடுங்க” என்பார். பிரேக்கிலிருந்து வலக்கால் எழும். வண்டி ஊரும், பழம் முற்றாக நசுங்கும். அப்போது மிதியடி விரிப்பின் மேல் சித்தப்பாவின் இடக்கால், அங்கே இல்லாத கிளட்சை மெதுவாக, மிக மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும்.