பொஸ்தகம் படிச்ச பேராண்டிக்கு

வாய்யா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. நீ மத்தியானம் அசந்து தூங்கயில உன் தலைமாட்டுல கெடந்த பொஸ்தகத்த எடுத்துட்டேன். டீச்சரம்மா மகளக் கூப்பிட்டு, தமிழ்ல சொல்லு தாயின்னு கேட்டேன். ஏழு பழக்கமாம், 1989-ல வந்ததாம். எழுதின ஸ்டீபன் கவி அமெரிக்காவுல யூட்டா சீமைக்காரரு, காலேஜ் வாத்தியாரு, ஒம்பது புள்ளயப் பெத்தவரு. ஒம்பது புள்ள கத்துத வீட்டுல இருந்தவரு நேரத்தப் பத்தி எழுதினா மதிச்சுத்தான் கேக்கணும். உனக்கு ஒத்தப் புள்ள. அதோட நீ பேசுததே வீடியோவுலதான்.

அதுல நாலு கட்டம் போட்டிருக்கு. அவசரமும் முக்கியமுமா இருக்கது ஒண்ணு. முக்கியம், ஆனா அவசரமில்லாதது ரெண்டு. அவசரம், ஆனா முக்கியமில்லாதது மூணு. ரெண்டுங்கெட்டது நாலு. அமெரிக்கப் பிரசிடெண்டு ஐசனோவர் 1954-ல ஒரு கூட்டத்துல பேசினதுதான் இதுக்கு வேருங்காங்க. அவரும் யாரோ பழைய காலேஜ் தலைவரு சொன்னதுன்னுதான் சொல்லியிருக்காரு. கைமாத்துச் சரக்குதான், ஆனாலும் கெட்டுப் போகல.

நாலாவது கட்டத்துப் பக்கமே போகாதங்காரு வாத்தியாரு. எனக்குச் சுருக்குன்னு போச்சு. டீக்கடை பெஞ்சு, ஆடுபுலி ஆட்டம், மடத்து வாசல்ல உக்காந்து போறவன் வாரவன விசாரிக்கதுன்னு என் சோலி பூராவும் அந்தக் கட்டத்துலதான் கெடக்கு. உங்கப்பனுக்குப் பொண்ணு அமைஞ்சதே டீக்கடையில எவனோ வாய்தவறிச் சொன்ன சேதியாலதாம்லே. அந்தச் சேதி வரலன்னா நீ ஏது, உனக்குப் பொஸ்தகம் ஏது? இத அவருகிட்டயே சொல்லலாம்னா, மனுசன் 2012-லயே போய்ச் சேந்துட்டாரு.

சரி, உன் டயரிக்கு வாரேன். அதையும் பாத்துட்டேன், கோவிச்சுக்காத. ‘என் விழுமியங்கள்’னு தலைப்புப் போட்டு, மொதல்ல குடும்பம், அடுத்து உடம்பு, நேர்மை, கடைசியா வேலைன்னு எழுதியிருக்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. நேத்து ராத்திரி உங்க ஆச்சி சோத்தப் போட்டுட்டு, கொழம்பு ஊத்தட்டுமாய்யான்னு கேட்டுக் கேட்டுப் பாத்தா. நீ போனுக்குள்ள கெடந்த. அவளா ஊத்திட்டா. பெசஞ்சு தின்னுட்டு, “ரசம் சூப்பர் ஆச்சி”ன்ன. அது மோர்க்கொழம்புலே. அவ ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்கிட்டே கரண்டிய எடுத்துட்டு உள்ள போயிட்டா.

கடைசியில எழுதின வேலைக்குத்தான் மணி அடிக்கி, நீயும் துள்ளி எந்திரிக்க. குடும்பத்துக்கு மணியும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. மொத இடத்துல யாரும் தொடாம அப்படியே இருக்கு.

நீ மட்டுமா? கவி வாத்தியாரு மெச்சி எழுதின பெஞ்சமின் பிராங்க்ளின் கதையையும் அந்தப் புள்ள போனுல தேடிச் சொல்லுச்சு. நல்ல கொணத்தயெல்லாம் ஒரு சின்ன நோட்டுல எழுதிக் கட்டம் போட்டு, வாரத்துக்கு ஒண்ணாப் பழகின மனுசன். தவறுன அன்னைக்குக் கறுப்புப் புள்ளி. மொதல்ல 12 கொணந்தான் இருந்துச்சு. உனக்குக் கெருவம் ஜாஸ்தின்னு ஒரு கூட்டாளி சொல்லப்போயி, பணிவையும் சேத்து 13 ஆக்கினாரு. ஒழுங்குதான் தனக்கு ரொம்பப் பாடு குடுத்துச்சுன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. அந்த நேர்மைக்குக் கும்பிடலாம்.

ஆனா இதையும் கேளு. 1764-ல கப்பலேறி லண்டன் போனாரு. பொண்டாட்டி டெபோராவுக்குக் கடல்னா பயம், அதனால பிலடெல்பியாவுலயே இருந்துட்டா. 1774 டிசம்பர்ல அவ கண்ண மூடுதப்பவும் இவரு லண்டன்லதான். இடையில ஒருக்கக்கூட வந்து பாக்கல. நாட்டு வேலைன்னு சொல்லுதாங்க, இருக்கும். அந்த 13-ல பொண்டாட்டி மொகத்தப் பாக்கதுன்னு ஒண்ணு இல்ல, அதனால நோட்டுல புள்ளியும் விழல. பிராங்க்ளின் பேருல டயரி வித்த கம்பெனியும் வாத்தியாரு கம்பெனியும் 1997-ல ஒண்ணாச் சேந்துட்டாம். பொருத்தம் பாத்துச் செஞ்ச சம்பந்தம்.

ரெண்டாவது பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. உன் சாவு வீட்ட மனசுல நெனச்சுப் பாருங்காரு. சொந்தக்காரன், சேக்காளி, கூட வேலை பாத்தவன், ஊர்ப் பொதுக்காரியத்துல கூட நின்னவன்னு நாலு பேரு உன்னய என்ன சொல்லணும்னு யோசிச்சு, அதுக்குத் தக்கன இருந்துக்கோங்காரு. அமெரிக்காவுல செல்லும்யா, நம்ம ஊர்ல செல்லாது. கீழத்தெருவுல ஒருத்தரு இருந்தாரு, பேரு வேண்டாம். ஒரு மாங்கா உதுந்து வேலிக்கு வெளிய கெடந்தாலும் கம்போட வந்துருவாரு. செத்த அன்னைக்குப் பாக்கணுமே, ஒப்பாரியில கர்ண மகராசா ஆயிட்டாரு! அழுதவள்ல பாதிப் பேரு சின்ன வயசுல அவரு கம்புக்குப் பயந்து ஓடினவளுவ. எழவு வீட்டுப் பேச்ச நம்பி எவனாவது வாழுவானா? நீ இல்லாதப்ப டீக்கடையில என்ன பேசுதாங்கன்னு என்கிட்ட கேளு. “நல்ல பயதான், ஆனா போன எடுக்க மாட்டான்”ங்காங்க.

அந்த ரெண்டாவது கட்டம் இருக்கு பாரு, முக்கியம் ஆனா அவசரமில்ல, அதுல மட்டும் எனக்கு மறுபேச்சே கெடையாது. நம்ம கண்மாய் சித்திரையில வெடிச்சுக் கெடக்கப்ப எவனாவது எட்டிப் பாக்கானா? ஐப்பசியில மடை ஒடஞ்ச பொறவு அத்தன பேரும் மம்பட்டியத் தூக்கிட்டு ஓடுதான். கரம்பை அள்ள கோடைதான் தோது. நம்ம மேலக்காட்டுக்கு வண்டல் அடிச்சு வருசக் கணக்காச்சு. அதுக்கு முறைப்படி மனுப் போட்டு அனுமதி வாங்கணுமாம், கம்ப்யூட்டர்ல ஏத்தணுமாம். உனக்கு அது ஒரு வேலையா? நாளைக்கே செய்யின்னு சொல்லல, அவசரமே இல்ல. டயரிய எடுத்து அந்தக் கட்டத்துல எழுதிக்கோ. சர்வே நம்பரும் போட்டுக்கோ.

என்ன முழிக்க? நம்ம காட்டு நம்பர் தெரியாதா? உங்க ஆச்சிக்கு மனப்பாடம். அடுப்படியிலதான் இருக்கா, போயிக் கேளு. போன இங்ஙன வச்சிட்டுப் போ.