பிளாட்டினம்காரர்

பிளாட்டினம்காரரை அடையாளம் காண்பது எளிது. கதைக்காகவே எழுதப்பட்ட ஒரு கேமை வாங்கியதும் மற்றவர்கள் ‘நியூ கேம்’ பொத்தானை அழுத்துவார்கள். அவர் எதைச் செய்தால் எந்த மெடல் என்று சொல்லும் அச்சீவ்மென்ட் பட்டியலைத் திறப்பார். யார் துரோகி, எத்தனை முடிவுகள் என்பதெல்லாம் அதிலேயே பாதி தெரிந்துவிடும், அதனால் என்ன? செல்போனைச் சாய்த்து வைத்து, படிப்படியாக வழி சொல்லும் வாக்த்ரூவைத் திறந்துகொண்டு, “மூன்றாம் நாள், மொட்டைமாடி, இரண்டாவது பதில்” என்று காரியத்தில் இறங்குவார். படமும் வசனமுமாக ஓடும் விஷுவல் நாவல் என்றால் இன்னும் வசதி. தேர்வு வருமிடத்தில் ஒரு சேவ், முதல் பதிலுக்கு ஒரு முடிவு, திரும்ப லோடு, அடுத்த பதில், அடுத்த முடிவு. நடுவில் வரும் வசனங்களைக் கன்ட்ரோல் விசை பார்த்துக்கொள்ளும். நாயகி மழையில் நின்று மனதைக் கொட்டுவாள். இவர் விரல் ஸ்கிப்பை விட்டு நகராது. திரை ஓரத்தில் ‘டிங்’ என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பும்போதுதான் அவர் கண் கலங்கும். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில்களையும் முடித்துத் திரும்பும் சுற்றுலா பஸ் பயணியைப் போல, எந்தச் சந்நிதியிலும் நின்று கும்பிடாமலே எதையும் விடாமல் பார்த்தவர் அவர். எந்த முடிவு பிடித்தது என்று கேட்டால், “எல்லாத்தையும் எடுத்தாச்சே” என்பார்.

ஆனால் பழியை அவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை. அவரை உண்டாக்கியது பட்டியல்தான். 2005 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது, டிஸ்கில் விற்ற ஒவ்வொரு கேமுக்கும் 1000 பாயின்ட் என்று கணக்கு தொடங்கியது. 2008-இல் பிளேஸ்டேஷன் 3 கோப்பைகளைக் கொண்டுவந்து, எல்லாம் சேர்ந்தால் பிளாட்டினம் என்றது. ஓட்டப் பந்தயத்துக்கும் துப்பாக்கிச் சண்டைக்கும் இது பொருத்தமே. அங்கே திறமையை அளக்க ஏதோ ஒரு முழம் வேண்டும். கதை கேட்கும் கேள்வியோ வேறு: “இந்த இடத்தில் நீ என்ன செய்வாய்?” பட்டியல் அதற்குள் முந்திக்கொண்டு, “இதைச் செய்” என்று விடையைச் சொல்லிவிடுகிறது. 2007-இல் வந்த பயோஷாக்கைப் பாருங்கள். லிட்டில் சிஸ்டர் எனும் சிறுமிகளைப் பலியிட்டால் உடனே அதிக சக்தி கிடைக்கும், காப்பாற்றினால் குறைவு. இரக்கப்பட்டால் கையைக் கடிக்கும் என்பதில்தான் அந்தத் தர்மசங்கடமே இருக்கிறது. ஒருத்தியையும் பலியிடாமல் முடித்தால் ஒரு அச்சீவ்மென்ட் என்றதும் இரக்கமும் வரவில் சேர்ந்துவிட்டது. நம்மவருக்கு அந்தச் சிறுமிகள்மேல் பாசம் பொங்கும். அதற்கு எத்தனை பாயின்ட் என்று தெரிந்த பாசம்.

“பட்டியல் இல்லாவிட்டால் பாதிப் பேர் ஒரே முடிவோடு எழுந்து போய்விடுவார்களே, மறைந்திருக்கும் கிளைக்கதைகளை யார் பார்ப்பது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு விஷுவல் நாவல்களிடமே பழைய வழிகள் இருக்கின்றன: கிளைகளைக் காட்டும் வரைபடம், பார்க்காத காட்சிகளுக்கு வெற்றிடம் விட்டுவைக்கும் படத்தொகுப்பு. இவை கதைக்குள்ளேயே இருந்து ஆவலைத் தூண்டுபவை. வெளியிலிருந்து கூலி காட்டி அழைப்பவை அல்ல. “வேண்டாதவர் அறிவிப்பை அணைத்துக்கொள்ளட்டுமே” என்பது அடுத்த வாதம். பெட்டியை அணைக்கலாம், பட்டியலை நிரப்புவதற்கென்றே கதைக்குள் திணித்த வேலைகளை அணைக்க முடியாதே! “மெடல் இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?” என்ற வியாபாரக் கவலைக்கு நிண்டெண்டோ ஸ்விட்ச்சே பதில். அந்தக் கருவியில் பொதுவான அச்சீவ்மென்ட் ஏற்பாடே கிடையாது. விஷுவல் நாவல்கள் அங்கே வந்து குவியத்தான் செய்தன.

அதற்காக அடியோடு ஒழிக்கவும் வேண்டாம். 2012-இல் டெல்டேல் வெளியிட்ட வாக்கிங் டெட்டில் அத்தியாயத்தை முடித்தாலே அச்சீவ்மென்ட் வந்துவிடும். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. 2013-இன் ஸ்டான்லி பாரபிள் இந்த மோகத்தையே கேலி செய்தது: ஐந்து வருடம் கேமைத் தொடாமல் இருந்தால் ஓர் அச்சீவ்மென்ட், ஒரு செவ்வாய்க்கிழமை முழுக்க விளையாடினால் இன்னொன்று. பலர் கம்ப்யூட்டர் கடிகாரத்தை முன்னே தள்ளி ஐந்து வருடத்தை நொடியில் கழித்தார்கள். அண்டர்டேல் 2015-இல் கம்ப்யூட்டருக்கு அச்சீவ்மென்ட் இல்லாமலே வந்தது. என்ன ஆகிறது பார்க்கலாம் என்பதற்காகவே எல்லோரையும் கொல்பவரைக் கடிந்துகொள்ளும் கதை அது. இரண்டு வருடம் கழித்துக் கோப்பைகள் கட்டாயமான பிளேஸ்டேஷன் 4-க்குப் போனபோது, நாய்க்கு ஒரு கோயில் கட்டி, உண்டியலில் காசு போட்டால் கோப்பை என்று வைத்தார்கள். நம்மவர் அந்தக் கிண்டலைக் கவனிக்காமல் பக்தியோடு காசு போட்டிருப்பார்.

ஆகவே பரிசு வாசகருக்குப் பின்னால் வரலாம், முன்னால் நடந்து வழி காட்டக் கூடாது. முதல் முறை ஏதாவது ஒரு முடிவைத் தொடும்வரை பட்டியல் பூட்டியே இருக்கட்டும்; படிக்காத வசனத்தில் ஸ்கிப் வேலை செய்யாமல் போகட்டும்; அதற்குப் பிறகு எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். பிளாட்டினம்காரர் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பூட்டைத் திறக்கப் பாடுபடுவார். அந்தப் பாட்டில், தனக்கே தெரியாமல், ஒரு கதையை முழுசாகப் படித்திருப்பார்.